ராக்கம்மாள் எழுதியது

ஜனவரி 14, திங்கள்
கடுங்குளிர். ஊரிகம் ஸ்டேஷன் வரை பனி மூட்டம். வாங்க வேண்டியவை: மை, சுண்ணாம்புக்கட்டி, கிராம்பு (பல்வலிக்கு).
நேற்று பெண்கள் வகுப்பு. ஏழு பேர், எல்லாம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் வீட்டவர்கள். எழுதப் படிக்கத் தொடங்கி ஒரு வருஷம். வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னேன். ராக்கம்மாளுக்கு நாற்பது வயது. கணவர் போன வருஷம் சுரங்கத்தில் செத்துப்போனார்; ஆள் ஏற்றி இறக்கும் கூண்டான கேஜில்தான் உடலை மேலே கொண்டுவந்தார்கள். அரைப் பக்கம் எழுதினாள்: “கேஜ் மேலே வந்துச்சு. மொதல்ல அவர் காலு தெரிஞ்சுது. தொரை நம்பரைக் கேட்டாரு. பேரைக் கேக்கல.” திருத்த மனம் வரவில்லை.

ஜனவரி 16, புதன்
எங்கள் மிஷன் பள்ளிக்கூடப் பாதிரியாரிடம் அவள் எழுதியதைக் காட்டினேன். மிஷன் மாதப் பத்திரிகையில் போடலாம் என்றார். அங்கேயே கொடுத்துவிட்டேன். ரொம்ப சந்தோஷம். பல்வலி குறையவில்லை.

பிப்ரவரி 6, புதன்
பத்திரிகை வந்தது. கீழே பாதிரியார் பெயர். அவர் பெயர்! துரை நம்பர் கேட்ட வரியைக் காணோம். விதவை முழந்தாளிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னாளாம். ராக்கம்மாள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்!
நேரே போய்க் கேட்டேன். கூலிக்காரி எழுதினாள் என்றால் யார் நம்புவார்கள் என்கிறார். துரைமார் மனம் நோகக்கூடாதாம்.  

பிப்ரவரி 10, ஞாயிறு
வகுப்பில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.
“டீச்சரம்மா, என்னை ஒரு வார்த்தை கேக்காம ஏன் குடுத்தீங்க?”
 நாலு நாளாகப் பாதிரியார் மேல் இருந்த கோபம், பாதி என் மேல். மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு
ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரம். தேவாலய வாசலில் ராக்கம்மாள், கையில் பத்திரிகை. குரலை உயர்த்தவே இல்லை.
“ஐயா, இதுல உங்க பேரு போட்டுக்கீது. அன்னிக்கு கேஜாண்ட நீங்களா நின்னுகினு இருந்தீங்க?”
பாதிரியார் உள்ளே போய்விட்டார். இன்னா விஷயம் என்று பெண்கள் என்னைக் கேட்டார்கள். அது ராக்கம்மாள் எழுதியது என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன்.

பிப்ரவரி 18, திங்கள்
மிஷன் கடிதம். பெண்கள் வகுப்பு இனி இல்லை. பள்ளிக்கூட வேலையும் இந்த மாதத்தோடு சரி. என்ன நியாயம் இது? சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.
சாயங்காலம் ராக்கம்மாள் வந்தாள். வகுப்பு இனி அவள் வீட்டில். பதினோரு பேர் வருகிறார்களாம். கரும்பலகைக்கு எங்கே போவது என்றேன். சுவரில் கரி பூசிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.