உங்கம்மா புருவமும் ஆயுத பூஜைப் பென்சிலும்

கூடுவாஞ்சேரி
ஞாயிறு காலை

அன்பு மகள் பூங்கொடிக்கு அப்பா எழுதுவது. இங்கு நான் நலம், வீடு நலம், உங்கம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாய்க்குத்தான் பூட்டு, அதுவும் என் பக்கம் மட்டும். நீயும் மாப்பிள்ளையும் நியூரம்பர்க் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். நான் போனை எடுத்தாலே சமையலறையில் இருக்கும் உங்கம்மாவின் காது ஹாலுக்கு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு கீர்த்தனா படிக்க அங்கே வருகிறாளே, அவள் பெட்டியில் பருப்புப் பொடியோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன். ஆயுத பூஜையிலிருந்து உங்கம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு வெந்ததும் மிக்ஸியைப் பார்த்து, சாப்பிடறவங்க வரலாம் என்கிறாள். நீதான் பேசி சரி செய்யணும், அதற்கு நடந்தது உனக்குத் தெரியணும்.

எல்லாம் பென்சிலால் வந்தது. அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரி அடிக்கும் தச்சன் நான், முப்பது வருஷமாகக் காதில் பென்சில் செருகியிருக்கிறேன், ஆனால் அதன் கதை தெரியாது. போன மாதம் போனில் படித்தேன், அசந்துபோனேன். உள்ளே இருப்பது ஈயமே இல்லையாம், ஒருவகைக் கரியாம். இங்கிலாந்தில் மலையில் அகப்பட்டதை ஆட்டுக்காரர்கள் எடுத்து ஆட்டு முதுகில் அடையாளம் போட்டார்களாம். பிரான்சில் சண்டை வந்து கரி கிடைக்காமல் போனபோது ஒருத்தன் கரித்தூளில் களிமண் கலந்து சுட்டெடுத்தானாம். நீ குடியிருக்கும் ஊரே பென்சிலுக்குப் பேர்போன ஊராம், ஒரு வார்த்தை சொன்னாயா நீ? ரப்பர் வருவதற்கு முன்னால் ரொட்டியை வைத்துத்தான் பென்சில் கோட்டை அழித்தார்களாம். இந்த ரொட்டியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

வருஷா வருஷம் ரம்பத்துக்கும் டிரில் மிஷினுக்கும் பொட்டு வைக்கிறோம், கோடு போட்ட பென்சிலை எவன் மதித்தான் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வருஷம் பூஜையில் பென்சிலுக்குத்தான் முதல் மரியாதை என்று முடிவு செய்து, வீட்டில் இருந்த பென்சில் அத்தனையையும் தேடி வாழை இலையில் அடுக்கினேன். தச்சுப் பென்சில், நீ பள்ளிக்கூடத்தில் கடித்துவைத்த பென்சில், ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக இருக்குமே அது, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். முகம் பார்க்கும் கண்ணாடி மேசையில் குட்டியாக ஒன்று கிடந்தது, பென்சில் குடும்பத்தில் ஒருத்தரையும் விடக்கூடாது என்று அதையும் வைத்தேன். அது உங்கம்மாவின் புருவப் பென்சில்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை பூஜை ஆகும்வரை தொடக்கூடாது என்பது உங்கம்மா போட்ட சட்டம். போன வருஷம் என் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு நாளெல்லாம் என்னைக் குருடனாக உட்காரவைத்தவள் அவள். இந்த வருஷம் அன்றைக்கு சாயங்காலமே மாமல்லபுரத்தில், என் கூட்டாளி ஏசுபாதத்தின் மகள் ஹெலனுக்குக் கல்யாண வரவேற்பு. நீ பிறக்கப்போகிற வலியிலும் புருவம் வரைந்துகொண்டு ஆட்டோ ஏறியவள் உங்கம்மா, உனக்குத் தெரியாததா. தன் சட்டத்தைத் தானே மீற முடியாமல் அழாத குறையாக நின்றாள். கடைகளையும் பூசணிக்காய் உடைத்துவிட்டு சாத்திவிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன், பூஜைக்குத் தப்பிய ஒரே பென்சில் என் காதிலேயே இருந்தது. கவலைப்படாதே, நான் வரைகிறேன் என்றேன். மூலைமட்டம் வைத்து, டேப் பிடித்து, நாக்கில் தொட்டுத் தொட்டு இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகாமல் வரைந்தேன். வேலை சுத்தம் என்றுதான் நினைத்தேன்.

கடற்கரை ரிசார்ட்டில் விளக்கு வெளிச்சம் பட்டதும் அந்தக் கரி பளபளவென்று மின்ன ஆரம்பித்துவிட்டது. ஏசுபாதத்தின் அக்கா காசியம்மாள் எல்லோர் எதிரிலும், இன்னாம்மா அம்சா, புருவத்துக்கு வெள்ளி ஜரிகை வச்சிகினு வந்துகீற என்று கேட்டுவிட்டாள். உங்கம்மா கையால் துடைத்தாள், நெற்றியெல்லாம் ஈயம் பூசியதுபோல ஆகிவிட்டது. எனக்கு ரொட்டி ஞாபகம் வந்தது. படித்த படிப்பு வீணாகலாமா? சூப் வைத்த இடத்தில் ஒரு பன்னை எடுத்துவந்து உங்கம்மா நெற்றியில் தேய்த்தேன். நன்றாகத்தான் அழிந்தது. வீடியோக்காரன் எங்களைப் பிடித்து மேடைக்குப் பக்கத்தில் சுவர் அளவு இருந்த திரையில் போட்டதை நான் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். ஹெலன் சிரித்து சிரித்து அவள் மையும் அழிந்துபோனது.

இதற்காகப் பேசவில்லை என்று நினைக்காதே, இதை அவள் இரண்டு நாளில் மறந்திருப்பாள். பன்னால் தேய்த்த பிறகு அங்கேயே குழாயடியில் முகத்தை அலம்பிக்கொண்டு திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முன்னால் எழுந்து வரைந்துவிடுவாள், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை பூங்கொடி, அன்றைக்கு வரைந்தபோதும் மூலைமட்டத்தைத்தான் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள். அதைச் சொல்லத் தெரியாமல், பாலிஷ் போடாத தேக்கு மாதிரி இருக்கே என்று சொல்லித் தொலைத்தேன். என்னை மரக்கட்டை என்று சொல்லிவிட்டார் என்று வண்டியில் ஏறியவள்தான், அன்றிலிருந்து மிக்ஸியோடுதான் பேச்சு. ரேகை அழகாக இருக்கிற மரத்துக்கு மட்டும்தான் தச்சன் பாலிஷ் போட மனசு வராமல் நிற்பான். என்னிடம் இருக்கிற வார்த்தையில் அதைவிடப் பெரியது இல்லை. இதை நீ உங்கம்மாவுக்கு எடுத்துச் சொல்லணும், நான் வாய் திறந்தால் இன்னும் ஏதாவது உளறுவேன். அவள் பேசாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சண்டை வந்தாலும் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, மிக்ஸியைப் பார்த்துப் பேசாதே. உங்கம்மாவுக்கு அந்த ஊர்ப் புருவப் பென்சில் இரண்டு வாங்கி வை, மறந்துவிடாதே. ஒன்று பூஜைக்கு, ஒன்று புருவத்துக்கு. நீங்கள் இருவரும் மனம் கோணாமல் பேசிச் சிரித்து நூறு வயசு வாழ அப்பாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மிக்ஸிக்கு அடுத்த இடத்தில் இருக்கும்
உன் அப்பா சுப்பிரமணி

பி.கு. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் முதுகுக்குப் பின்னால் உங்கம்மா. எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் படித்துவிட்டாள். மிக்ஸியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தே சொன்னாள். வெறும் தேக்குன்னு இன்னாத்துக்குய்யா எழுதினுகீற, பர்மா தேக்குன்னு போடு என்கிறாள். போட்டுவிட்டேன்.