கடையத்துக்காரர்

22.4.2020, புதன்
விலக்கு ரோட்டு செக்போஸ்டில் பகல் டூட்டி. பாஸ் இல்லாத எட்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பினோம். வீட்டுக்கு வந்தபோது ஸ்வாதி மாடிப்படியில் உட்கார்ந்து டாக்டருடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். ஊரடங்கில் வடகரையிலிருந்து திருநெல்வேலி போக முடியாதே, புதன்தோறும் இப்படித்தான் வைத்தியம். எங்களுக்குக் கல்யாணமாகி நாலாம் வருஷம் வந்த பெருங்குடல் புண், ஐந்து வருஷமாக விடவில்லை. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். எதற்கு?

24.4
டாக்டர் தன் நோயாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்திருக்கிறார். தினமும் எத்தனை தடவை போனது, ரத்தம் உண்டா என்று அதில் எழுத வேண்டுமாம். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பரவால்ல" என்றாள். குளிக்கப் போனதும் போனை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"பதினொரு தடவை. ரெண்டு தடவை ரத்தம். அழுதேன்."

கீழே ஒருவன்: "எனக்கும் போன மாசம் இப்படித்தான். குழம்பை நிறுத்திட்டு மோர்ச்சோறு சாப்பிட்டுப் பாருங்க. அழுறதுல தப்பில்ல." மகாதேவன், கடையம்.

எனக்குப் 'பரவால்ல'. அவனுக்குப் பதினொன்று.

27.4
மத்தியானம் மோர்ச்சோறுதான் சாப்பிட்டாள். யார் சொன்னது என்றேன், தெரியாதவன் மாதிரி. "குரூப்ல மகாதேவன் சார். கணக்கு வாத்தியாரு. பன்னெண்டு வருசமா இதோட கெடந்து அல்லாடுதாரு, இருந்தாலும் தமாசா பேசுதாரு" என்று சிரித்தாள்.

அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான். வெளியே பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். எங்கோ ஒரு வாத்தியார் மோர் என்று எழுதினால் சிரிப்பு வருது, என்ன?

29.4
அவன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒல்லி. கண்ணாடி. என்னைவிட வயது கூட. அதனால் என்ன?

1.5
மாத்திரை இன்னும் நாலு நாளைக்குத்தான். தென்காசியில் ஒரு கடையிலும் இல்லை. கூரியர் ஓடவில்லை. "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். யார் யாருக்கோ போன் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

3.5, ஞாயிறு
எழுதத்தான் வேண்டும்.

பதினொரு மணிக்கு ஒரு டிவிஎஸ் வண்டி. மாஸ்க் போட்டிருந்தும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியாது. "வடகரையில ஒரு அம்மாவுக்கு மாத்திர தீரப் போகுது சார். எங்கிட்ட ரெண்டு மாசத்துக்கு இருக்கு. டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் பாதியக் கொண்டு போறேன்." போனில் டாக்டரின் கடிதத்தைக் காட்டினார்.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் இவர் என் வீட்டு வாசலில் நிற்பதும் ஸ்வாதி ஓடிவந்து கதவைத் திறப்பதும்தான் கண்ணில் வந்தது. "பாஸ் இல்லல்லா? ஓரமா நில்லும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்தார். "சார், இங்கன பாத்ரூம் இருக்கா? அவசரம்."

எதிரே மரம் அறுக்கும் மில்லில் இருக்கிறது. நாங்களே அங்கேதான் போவோம். அங்கே நின்ற நாலு போலீஸில் அந்த அவசரம் என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். "இன்ஸ்பெக்டர் வரட்டும், நில்லும்." இன்ஸ்பெக்டர் வருவதாகவே இல்லை. மறுபடி கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பேன்ட் நனைந்திருந்தது.

ஏட்டு மசூது அண்ணன் குடத்தோடு ஓடினார். "என்னலே முத்துச்செல்வம், மனுசனாலே நீ?"

கழுவிவிட்டு வந்த மகாதேவன் பையை என்னிடமே நீட்டினார். "இத மட்டும் எப்படியாவது சேத்துருங்க சார். அந்தம்மாவுக்கு நாளையோட முடிஞ்சிரும்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

4.5
மாத்திரையை நேற்றே கொடுத்துவிட்டேன். யார் தந்தது என்று சொல்லவில்லை. இன்று ஸ்வாதி போனைக் காட்டினாள். "வழியில் ஒரு போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர்" என்று அவர் எழுதியிருக்கிறார். "அது நீங்கதானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றேன்.

பொய் சொல்வதில்கூட அந்த ஆள் என்னைவிட மேலே நிற்கிறார்.

9.5
சொல்லிவிட்டேன். சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.
"எவ்வளவு நேரம் நிக்க வச்சீங்க?"
"இருவது நிமிசம் இருக்கும்."
"இருவது நிமிசமா…"
கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

12.5
சாதத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். குரூப்பில் எழுதுகிறாள். நான் போனை எடுத்துப் பார்க்கவில்லை.

7.6, ஞாயிறு
மாவட்டத்துக்குள் போக இப்போது பாஸ் வேண்டாம். "நேர்ல வந்து மன்னிப்பு கேளுங்க" என்று ஸ்வாதியே பைக்கில் ஏறினாள். கடையம் வரைக்கும் எங்கும் நிற்கவில்லை.

அவர் மனைவி கதவைத் திறந்தார். பின்னாலேயே அவர். காக்கி இல்லாமலும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் என்னைத் தாண்டி ஸ்வாதியைப் பார்த்தார்.

"வாங்கம்மா. பாத்ரூம் இடது பக்கம், சுவிட்சு வெளியில இருக்கு. போயிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

செருப்பை உதறிவிட்டு ஓடினாள். அவ்வளவு தூரமும் அடக்கிக்கொண்டுதான் என் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது வருஷப் புருஷன், எனக்குத் தெரியவில்லை. அப்போதும் அவர்மேல்தான் பொறாமை வந்தது.

"மன்னிச்சிருங்க சார்" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மத்தளம்பாறைப் பக்கம் பாத்ரூம் உள்ள ஒரு பெட்ரோல் பங்க் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். "ஏட்டி, நிறுத்தணுமா?"

"ஆமா, நிறுத்துங்க" என்றாள்.