ஹனான் என்று யாரைக் கூப்பிட்டாய்?

அக்கா,

விடாத மழைக்குப் பிறகு இன்றைக்குத்தான் மஸ்கெலியாவில் வெயில் முகம் காட்டியது. சவூதியில் வீட்டுவேலை முடிந்து வரும்போது நீ கொண்டுவந்த கம்பளிப் போர்வையை தோட்டத்து லய வீட்டு வாசலில் காயப்போட்டேன். சூடு ஏறியதும் அந்த அத்தர் வாசனை எழும்பியது. எத்தனை துவைத்தும் போகவில்லை. உன்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

என் மகள் பிறந்தபோது, நட்சத்திரம் புனர்பூசம், 'ஹ' எழுத்தில்தான் பெயர் வைக்கவேண்டும் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். சாமி பெயர்களில் தேடித் தேடி வீடே களைத்துப்போனது. சவூதியிலிருந்து வந்திருந்த நீ பிள்ளையைப் போர்வையோடு வாங்கிக்கொண்டு, "ஹனான்னு வைங்க. அரபியில அன்பு, இரக்கம்னு அர்த்தம்" என்றாய். சொல்லிப் பார்த்தோம். வாய்க்கு மெத்தென்று இருந்தது. "முஸ்லிம் பேரால்ல இருக்கு" என்று முணுமுணுத்த அப்பாவே மறுநாள் அதைச் சொல்லித் தாலாட்டினார்.

கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் காய்ச்சல் முற்றிக் கிடந்தபோது கண்ணைத் திறக்காமலே "ஹனான், ஹனான்" என்று கூப்பிட்டாய். "இந்தா இருக்கேன் பெரியம்மா" என்று என் மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். நீ அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

உன்னோடு சவூதியில் வேலைசெய்த தோழி கருமாதிக்கு வந்தாள், அவள்தான் சொன்னாள். "அங்க அவ வளத்த புள்ள பேரும் ஹனான்தாங்க. கைக்குழந்தையிலருந்து வளத்தா. ஊருக்கு வர்றப்ப அது காலக் கட்டிக்கிட்டு விடவே இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை, அக்கா. என் பிள்ளைக்குப் பெயர் வைத்தாயா, இல்லை, அந்தப் பிள்ளையை மறக்க முடியாமல் இவளை அவளாக்கிக்கொண்டாயா? உனக்குப் பிள்ளை இல்லையே என்று இவளை முக்கால்வாசி உன்னிடமே விட்டிருந்தேன். நீ மடியில் வைத்துக் கொஞ்சியது யாரை? கோபப்படத்தான் பார்க்கிறேன். யாரிடமும் மூச்சுவிடாமல் இத்தனை வருசம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாயே என்று நினைத்ததும் அந்தக் கோபமும் தங்கமாட்டேன் என்கிறது.

இன்று வேலைவிட்டு வந்த மகளிடம் கேட்டேவிட்டேன். "பெரியம்மா கடைசியா கூப்பிட்டது ஒன்னையா, அந்த சவூதிப் புள்ளையையா?"

"யாரக் கூப்பிட்டா என்னம்மா, வந்தது நாந்தானே" என்றாள்.

அவளுக்குத் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் இல்லை. "ஹனான், சோறு ஆறுது" என்று கூப்பிடுகிறேன். இவள் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் பார்த்தே இராத இன்னொருத்தி சாப்பிட்டிருப்பாளா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.