குழாயில் கட்டிய கம்பி

அக்கா,

இன்று காலை குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுத் திருகைத் தொட்டேன். விரல் நுனியில் சுருக்கென்றது. கையை உதறிக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் நம் தெரு நாய் அங்கே தேங்கியிருந்த தண்ணீரை நக்க வந்தது. மூக்கை வைத்ததும் பின்வாங்கி, குழாயைப் பார்த்து உறுமிவிட்டுப் போனது. வாயில்லாத ஜீவனுக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு மண்டபத்தூருக்கு வந்து, ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் குடித்தனம் நடத்தினோம் நீங்களும் நானும். நம் வரிசை வீடுகளின் பின்சுவரை ஒட்டி ஓடும் இரும்புக் குழாய் உங்களுக்கு நினைவிருக்கும். கடலோர மண்ணில் எர்த்துக் கம்பி புதைத்தால் துரு தின்றுவிடுகிறதென்று எல்லா வீட்டு எர்த்தையும் அந்தக் குழாயிலேயே சுற்றிக் கட்டுவது நம் தெரு வழக்கம். ஃபிரிட்ஜிலோ கிரைண்டரிலோ கரண்டு கசிந்தால் குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். தெருவுக்கு அடியிலும் இரும்புக் குழாய் இருந்தவரை இறங்கியது. பிறகு தெருவைத் தோண்டி பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். பின்சுவர் இரும்பு மட்டும் மண்ணைத் தொடாமல் மிஞ்சியது. கசிகிற கரண்டு இனி எங்கே போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் குழாய் கடிக்க ஆரம்பித்தது.

நீங்கள் அதையும் கிண்டலாக்கினீர்கள். "ஊருக்கெல்லாம் கரண்டு கட்டாவுது. நமக்குப் பாரு, தண்ணியிலயே வருது" என்று சிரித்தீர்கள். ஆனால் ரப்பர் செருப்பில்லாமல் குழாயடிக்குப் போகமாட்டீர்கள். முதலில் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பீர்கள். "உள்ளங்கையால தொட்டா கை புடிச்சுக்கும்டி. பொறங்கையா இருந்தா உதறிட்டு வந்துரும்." நானும் சிரித்தேன். கடிக்கிற குழாயோடு வாழப் பழகிவிட்டோம், வெறிநாயை வாசலில் கட்டிப் போட்டுக்கொண்டதுபோல.

பிறகு அந்தத் திருவிழா வந்தது. மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க நீங்கள் காப்புக் கட்டியிருந்தீர்கள். காப்புக் கட்டினால் செருப்புப் போடக்கூடாது. தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு தண்ணீர் பிடிக்கப் போனீர்கள். குடம் உருளும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. கை நழுவியிருக்கும் என்று நினைத்து அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன். உங்கள் உள்ளங்கை குழாயை இறுகப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் காய்ந்த துடுப்பை எடுத்துத் தட்டித்தான் அந்தக் கையைப் பிரித்தார். மஞ்சள் கயிறு மட்டும் நனைந்த மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

விசாரிக்க ஆள் வருவதற்குள் குழாயில் ஒரு கம்பிகூட இல்லை. அத்தனை வீட்டிலும் அறுத்து எடுத்துவிட்டார்கள். "எங்க வீட்ல எர்த்தே கெடையாதுங்களே" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில். எந்த வீட்டுக் கரண்டு உங்களைக் கொண்டுபோனது என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அக்கா. உங்கள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு அது தெரியும்.

இன்று காலை பின்சுவரோரம் நடந்து பார்த்தேன். கம்பிகள் திரும்ப வந்திருக்கின்றன. இருப்பதிலேயே புதியது, பச்சை நிறம் மங்காதது, உங்கள் சமையலறை ஜன்னலுக்குள் போகிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "புது வாசிங் மிசின் கடிக்குதும்மா. எல்லாரும்தான் திரும்பக் கட்டிட்டாங்க. நான் என்ன பண்றது?"

திருமலைராயன்பட்டினத்து எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். "அறுத்துட்டா மிசின் கடிக்கும், கட்டிவுட்டா கொழா கடிக்கும். குழி தோண்டி வைங்க, ஒழுங்கா எர்த்து எறக்கித் தாரேன்" என்றார். அங்கேதான் சிக்கல். நேற்று ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். அவிழ்க்கும்வரை நம் தெருவில் மண்ணில் கடப்பாரை இறங்கக்கூடாது. நேற்று காப்புக் கட்டியவர்களில் உங்கள் மகளும் ஒருத்தி. நீங்கள் எடுக்காமல் போன பால்குடத்தை எடுக்கப்போகிறாளாம். வெறுங்காலோடு வீட்டுக்கும் குழாயடிக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

"காப்பு அவுக்கட்டும், பாத்துக்கலாம்" என்றார் அவள் அப்பா.

நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு வீட்டு மெயினையும் அணைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். வரிசையில் இருந்த பெண்களெல்லாம் சுவரோரம் வந்து நின்றார்கள்.

"ஆத்தா பொறுக்கமாட்டா."

"போன தடவ மட்டும் பொறுத்தாளாக்கும்?" என்றேன். ஆத்தாவை வேண்டிக்கொண்டேதான் தோண்டினேன். சாமி பயம் எனக்கு இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். மதியம் எலக்ட்ரீசியன் வந்து குழியில் குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, உங்கள் வீட்டுக் கம்பியைப் பின்சுவர்க் குழாயிலிருந்து அவிழ்த்து, நம் இரண்டு வீட்டு எர்த்தையும் அதில் சேர்த்தார். மற்ற வீட்டுக் கதவுகளையும் தட்டினேன். "காப்பு முடியட்டும்" என்றார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை.

இன்றைக்கும் நான் எதையும் புறங்கையால்தான் முதலில் தொடுகிறேன். ஃபிரிட்ஜ், கிரில் கதவு, பஸ் கம்பி, காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றி, எல்லாம். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான்.

சாயங்காலம் குழாயடிக்குப் போனேன். எனக்கு முன்னால் உங்கள் மகள் அங்கே நின்றிருந்தாள். இடுப்பில் குடம், கையில் மஞ்சள் கயிறு, ஈரத்தரையில் வெறுங்கால். நான் கத்துவதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள். உள்ளங்கையை அல்ல. உங்களைப்போலவே புறங்கையைத் திருப்பி, ஒரு தட்டு. உடனே கையை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு சித்தி."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட ஆரம்பித்தார்கள்.