கல்லீரல் தகடு

3, திங்கள்
கச்சான் காற்று. வாசலெல்லாம் மணல். காலையில் நாக்கைக் கண்ணாடியில் பார்த்தேன். ஓரம் சிவப்பு, நடுவில் வெள்ளைப் படிவு. கண்ணிலும் லேசான மஞ்சள். கல்லீரல்தான், சந்தேகமே இல்லை.

கோயில் திருவிழாவுக்கு வரையும் திருஇருதயப் படம் பாதி முடிந்தது. ரத்தக்குழாய் மூன்று, ஒன்றில் கொழுப்படைப்பு. ஃபாதர் வந்து பார்த்தார்.

"தம்பி, ஆண்டவர் இருதயத்துல ஏன் அடைப்பு?"

அழிக்க வேண்டுமாம். ஓவியம் தெரியாத மனுசன். செலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ கொடுத்தாள். பெண்டாட்டி என்றுதான் பேர், என் நோய் எதையும் நம்பியதில்லை.

5, புதன்
ராமநாதபுரத்தில் ஸ்கேன். வயிற்றில் ஜில்லென்று பசை. திரையில் என் கல்லீரல், சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு நிழல். "வெறும் வாயுண்ணே, கேஸு" என்றது ஸ்கேன் எடுத்த பெண். சின்னப் பெண், என்ன தெரியும்.

டாக்டர் அறை வாசலில் செலின்: "நானும் அவர்ட்ட ஒண்ணு கேக்கணும்."

"என் டோக்கன்ல நீ என்னத்தக் கேக்கப்போற? வா, பஸ் போயிரும்."

வந்தாள். பாம்பன் பாலம் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7, வெள்ளி
கோயில் வாசலில், நோயுள்ள உறுப்பின் வடிவில் காணிக்கைத் தகடு விற்கும் அம்மாவிடம் கல்லீரல் கேட்டேன்.

"கண்ணு, கை, காலு இருக்கு. வயிறு வேணா எடுத்துக்கிருங்க."

வயிறு. வேறு வழி?

செலின் வாங்கியது மார்புத் தகடு. அவள் அக்கா மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பால் பற்றவில்லை என்று கேள்வி. அதற்குத்தான்.

18, செவ்வாய்
இத்தனை நாள் எழுதவில்லை. நெஞ்செரிச்சல்.

அந்த மார்புத் தகடு செலினுக்கே. இடது மார்பில் கட்டி. அக்காவோடு போய் ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். இன்று என்னையும் கூட்டிப்போனாள். முடிவு, கேன்சர். டாக்டர் மார்பு எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்தார். வெள்ளைத் திட்டு, சுற்றிலும் நண்டுக்கால் மாதிரிக் கோடுகள். அழகான கோடுகள். வரைய வேண்டும்.

"ஏன் என்ட்ட சொல்லல?"

"நீங்கதான சீக்காளி. ஒரு வீட்டுல எத்தன பேரு படுக்குறது?"

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர்.

"இது தொத்துமா?"

அவர் செலினைப் பார்த்தார். தொத்தாது என்றார். செலின் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

19, புதன்
காற்று இல்லை. செலின் தனக்கென்று ஒரு தட்டு, டம்ளர், பாய் எடுத்து அடுப்படியில் வைத்துக்கொண்டாள். தொத்தாது என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன்.