சக்கரவர்த்தி வீட்டுக் கொடி

ஜூலை 7, 2025, திங்கள்

இன்று எனக்கு மாளிகையில் இடம் ஒதுக்கினார்கள். பின்கட்டு.

ஒரு ரோமச் சக்கரவர்த்தியின் கடற்கரை மாளிகை. இப்போது அங்கே மிச்சம் இருப்பது முழங்கால் உயரச் சுவரும் புல்லும்தான். அதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தபடி நாங்கள் கணினியில் எழுப்பித் தர வேண்டும். பார்க்க வருகிறவர்கள் தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நடப்பார்கள். ராயபுரத்தில், கப்பல் கயிறு விற்கும் கடைக்கு மேல்மாடியில், ஏழு பேர் மின்விசிறிக்குச் சண்டை போட்டுக்கொண்டே தன் வீட்டைக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் அவர் என்ன சொல்வாரோ. பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாட்குறிப்பிலும் எதற்கு வம்பு. பெரியவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

பெரியவரின் தர்பார் மண்டபம் முபாஷிருக்குப் போனது. பளிங்குத் தூண், பொன் முலாம், நீரூற்று, எல்லாம். எனக்கு வேலைக்காரர்கள் போய்வரும் நடை. (எங்களுக்குக் கொடுத்த ஆவணத்தில் அடிமைகள் என்றுதான் இருக்கிறது. சும்மா மழுப்புவானேன்.) பாறையைக் குடைந்து கட்டியது என்பதால் அது மட்டும் முழுசாக நிற்கிறது. அறுபதடி நீளம், ஒரு பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், மறுபக்கம் கடலைப் பார்த்த ஜன்னல்கள்.

“உனுக்கு ஈஸி அன்பு. வெறும் செவுரு,” என்றான் முபாஷிர். தண்டையார்பேட்டைக்காரன், என்னைவிட மூன்று வருஷம் சீனியர். அவனுக்கென்ன. நான் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஆகஸ்ட் 8-ல் ஆறு மாதம் முடியும்போது என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று குணசேகரன் சார் முடிவு செய்வார். வெறும் சுவரைக் காட்டி வேலையைக் காப்பாற்ற வேண்டும்.

ஜூலை 8

அம்மா கேட்டாள்: “ராஜா வூட்ல உனுக்கு இன்னா வேலை குட்த்தாங்கோ?”

“பின்கட்டும்மா.”

“அங்கயும் அதானா,” என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

அம்மா திருவொற்றியூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். அந்தக் கம்பெனியின் முன்வாசல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேண்டீன்காரர்களுக்குப் பின்கேட்தான்.

ஜூலை 15

நடையை முடித்து அனுப்பிவிட்டேன். ஒரு கல் கோணல் இல்லை. எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இத்தாலியில் இதற்கெல்லாம் தலைமை பேராசிரியை சில்வானா. அகழாய்வு செய்கிறவர், அறுபது வயதிருக்கும், எப்போதும் கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி. காணொளியில் என் நடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே வரி சொன்னார்: சுத்தமாக இருக்கிறது, ஆனால் இங்கே யாரும் இருந்த மாதிரி தெரியவில்லை.

முபாஷிரின் தர்பாருக்குக் கைதட்டல்.

யாரும் இருந்த மாதிரி தெரியலையாம். யாரு இருந்தாங்கன்னு நீங்க எங்க எழுதி வெச்சிருக்கீங்க? தர்பாருக்கு நாப்பது பக்கம் குறிப்பு, எனக்கு ஒண்ணரை பக்கம். அதுல பாதி வடிகால். நான் இன்னாத்தப் பார்த்து செய்யறது?

குணசேகரன் சார் என் பக்கம் திரும்பாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திட்டுகிற மனிதர் திட்டவில்லை என்றால் கணக்கை முடித்துவிட்டார் என்று அர்த்தம். இன்னொரு தரம் திரும்பி வந்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி ஞாயிறு. புளியந்தோப்பு முழுக்க ஒலிபெருக்கி. வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கூழ்ச் சொம்போடு வெளியே நடையில் வந்து உட்கார்ந்தேன். எங்கள் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. இதுவும் ஒரு நடைதான். ஒரு பக்கம் ஆறு வீட்டு வாசல், மறுபக்கம் கைப்பிடிச் சுவர். பேராசிரியையிடம் இதைக் காட்டினால் யாரும் இல்லை என்று சொல்வாரா?

பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்தது. ரஹீமுன்னிசா அக்கா வீட்டு வாசலோரம் சுவரில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு வட்டம்: அவர் மாமனார் தினமும் தலை சாய்த்து உட்காரும் இடம். மாடிப்படி முனையில் சிமென்ட் பெயர்ந்திருக்கிறது, சிலிண்டர் இறக்கி இறக்கி. அப்புறம் கொடி. எங்கள் மாடியில் துணி காயப்போடும் கொடியை நீளவாக்கில் கட்டக் கூடாது. கட்டினால் அடுத்த வீட்டு வாசலை மறைக்கும், சண்டை நிச்சயம். எல்லோரும் குறுக்கேதான் கட்டுவார்கள், சுவர் ஆணியிலிருந்து எதிர்த்தூணுக்கு. எங்கள் கொடியைக் கட்டியது அம்மா. அம்மாவின் உயரம் நாலடி எட்டு அங்குலம். கொடி அவளுக்குக் கை எட்டும் உயரம், தலைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி.

ஆகையால் மற்ற எல்லோரும் குனிய வேண்டும். அப்பா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார், ஐந்தடி ஒன்பது. இருபது வருஷமாகக் குனிந்துதான் வீட்டுக்குள் வருகிறார். மறந்த நாளில் கழுத்தில் கோடு விழும். “உங்கம்மா எனுக்குத் தூக்கு மாட்டி வெச்சிகீறா,” என்பார். அம்மா உள்ளேயிருந்து, “துணி நீ காயப்போடு, நீ சொல்ற எடத்துல கட்டறேன்,” என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

செல்போனில் இருநூறு படம் எடுத்தேன். நாளையிலிருந்து சுவரை அழுக்காக்கப் போகிறேன்.

ஜூலை 23

அலுவலக வாட்ஸப் குழுவில் குணசேகரன் சார்: “நடையில் கொடி கட்டவில்லை. வெள்ளிக்கிழமை பார்வைக்கு முன்னால் கட்டிவிடவும்.”

எனக்கு ஆச்சரியம். மடிப்பாக்கத்துத் தனி வீட்டிலிருந்து வருகிறவருக்கு இவ்வளவு யோசனையா என்று நினைத்தேன். எங்கே கட்டலாம் என்று, மாளிகையை அளந்து இத்தாலியிலிருந்து அனுப்பிய ஸ்கேனை எடுத்துப் பார்த்தால், சிரிப்பு வந்துவிட்டது. அறை வாசல்களுக்கு நடுவே உள்ள சுவரில் கட்டை விரல் நுழையும் அளவு ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே ஜன்னல் பக்கச் சுவரில் இன்னொன்று. ஐந்து ஜோடி. ஆவணத்தில் “விளக்கு மாட்டுவதற்காக இருக்கலாம்” என்று எழுதியிருக்கிறார்கள். அளந்து பார்த்தேன். தரையிலிருந்து 147 சென்டிமீட்டர். நாலடி பத்து அங்குலம்.

காதுக்குப் பக்கத்தில் யார் விளக்கு மாட்டுவார்கள்? மேலே கரியும் இல்லை. ஒரு குள்ளமான பொம்பளை கொடி கட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஐந்து ஜோடியிலும் கட்டிவிட்டேன். கீழ்க் கடையில் ஒரு முழம் சணல் கயிறு கேட்டு வாங்கி, அதைப் படமெடுத்துக் கயிறு செய்தேன்.

ஜூலை 24

வெறும் கொடி மொட்டையாக இருக்கிறது. கம்பளித் துணி செய்ய ஒரு நாள் ஆகும். இடம்பிடிக்க, ஞாயிறன்று எடுத்த படத்திலிருந்து அப்பாவின் நீலக் கட்டம் போட்ட லுங்கியைத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றில் அழகாக ஆடுகிறது. நாளைக் காலை சீக்கிரம் போய் மாற்றிவிட வேண்டும். பத்து மணிக்குக் கோப்பு தானாக இத்தாலிக்குப் போய்விடும், அப்புறம் மாற்ற முடியாது.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. தீச்சட்டி ஊர்வலம். ஷேர் ஆட்டோ ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. நான் படியேறும்போது மணி பத்து நாற்பது.

“அன்பு,” என்றான் முபாஷிர், “பெரியவரு லுங்கி கட்டுவாரா?”

போச்சு.

அது மட்டும் போதாது என்று அப்போதுதான் முபாஷிரின் திரையைப் பார்த்தேன். தர்பாருக்குப் போகும் முன்நடையில், இரண்டு பக்கமும், சிவப்புத் துணியில் பொன் கழுகு போட்ட கொடிகள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன. பறக்கிற கொடி. சார் சொன்னது அந்த நடை. அந்தக் கொடி. என் நடையைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை.

சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “கொடின்னு சொன்னா, துணி காயப்போடற கொடியாம்மா?” என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“எங்க வூட்ல அதான் சார் கொடி.”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

இரண்டரை மணிக்குக் காணொளி. பேராசிரியை தர்பாரைப் பார்த்தார், கழுகுக் கொடிகளைப் பாராட்டினார், என் நடைக்குள் நுழைந்தார். எதிரே லுங்கி. பெரிய திரையில், ஒரு மூலையில் அப்பா பீடியால் போட்ட ஓட்டையோடு. சார் தவறுக்கு மன்னிப்பு, உடனே எடுத்துவிடுகிறோம் என்று ஆரம்பித்தார். பேராசிரியை கையை உயர்த்தி நிறுத்தினார். கழுத்திலிருந்த இரண்டாவது கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கயிற்றை ஏன் அந்த இடத்தில் கட்டினீர்கள் என்று கேட்டார். துணியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஓட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. கரி இல்லை. நீளமாகக் கட்டினால் வாசல்கள் மறையும், அதனால் குறுக்கே. இந்த உயரத்தில் கட்டினது துணி காயப்போடுகிறவள், நடந்து போகிறவன் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றேன். அதற்குமேல் எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஒரு வாரம் வேண்டும் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

ஜூலை 26

பழைய வேலைத் தளத்தில் என் விவரங்களைப் புதுப்பித்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

ஜூலை 29

சார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் முபாஷிர் தன் டப்பாவிலிருந்து எனக்குப் பாதி பிரியாணி தள்ளினான். “பேஜாராவாத. மெசேஜ்ல எந்த நடை, இன்னா கொடின்னு அவரு ஒயுங்கா போடல. நான் தர்பார்ல கீறதால கழுகு போட்டேன். உன் எடத்துல நான் இருந்தா நானும் கயிறுதான் கட்டுவேன். எங்கம்மாவுக்கும் கொடின்னா அதானே.” இதைச் சாரிடமும் சொன்னானாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பேராசிரியையின் மின்னஞ்சல். சார் நின்றபடியே சத்தமாக வாசித்தார்.

அவர் ஆளை அனுப்பாமல் தானே மாளிகைக்குப் போயிருக்கிறார். ஐந்து ஜோடி ஓட்டையையும் தூரிகையால் சுத்தம் செய்து பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் கீழ் விளிம்பு தேய்ந்திருக்கிறது, எதிர்ச்சுவரின் பக்கமாக. விளக்கு அப்படி இழுக்காது. பாரம் தாங்கிய ஏதோ ஒன்று குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது. கொடிதான் என்று நிரூபிக்க முடியாது. இருக்கலாம் என்று சொல்ல முடியும். முப்பது வருஷமாக நான் அந்த நடையில் நடக்கிறேன், துணியை எங்கே உலர்த்தினார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை, என்று எழுதியிருந்தார்.

கொடி இருக்கட்டும். துணி சாயம் போடாத கம்பளியாக மாற வேண்டும். கடைசி வரி: “அந்த நீலக் கட்டங்கள் மிகவும் அழகு. ஆனால் தயவுசெய்து எடுத்துவிடவும்.”

சார் மடிக்கணினியை மூடினார். “இனிமே கொடின்னா எந்தக் கொடின்னு போடறேன்மா,” என்றார்.

ஆகஸ்ட் 5

நான்கு நாளாக ஈரக் கம்பளி, நடக்க வழிவிட்டுக் கொடியின் ஒரு ஓரமாக. காய்கிற துணி ஒரே நிறத்தில் இருக்காது. மேலே வெளுத்து, கீழே ஒரு சாண் கறுத்து, நுனியில் நீர் கனத்துத் தொங்கும். தரையில் சொட்டுப் புள்ளிகள். எங்கள் கொடிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். “பைத்தியம் புட்ச்சுகினுச்சா இதுக்கு,” என்று அம்மா தாண்டிப் போகிறாள்.

ஆகஸ்ட் 8

ஆறு மாதம் முடிந்தது. திங்கட்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று வீட்டு ஆட்களை வைத்து ஒரு வெள்ளோட்டம். அலுவலகத்தில் மேசைகளை ஒதுக்கி, ஒவ்வொருவராகக் கண்ணாடியை மாட்டிவிட்டோம். அவர்கள் பார்ப்பது பெரிய திரையில் எங்களுக்கும் தெரியும்.

தர்பாரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சிம்மாசனத்துக்கு முன்னால் போய் யாரும் கும்பிடு போடவில்லை. முபாஷிரின் தங்கை உமைமா அதில் உட்காரப் போய்த் தரையில் விழப் பார்த்தாள். அப்புறம் என் நடை. கொடி வந்தது. சார் குனிந்தார். கட்டியது என்ன என்று தெரிந்தும், அங்கே வெறும் காற்றுதான் என்று தெரிந்தும், ஐந்து தரம் குனிந்தார். உமைமா குனிந்தாள். முபாஷிர் குனிந்துவிட்டு அசடு வழிந்தான். அப்பா முதல் கொடியிலேயே ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “இங்கயும் வந்துட்டாளா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியாக அம்மா. கேண்டீனுக்கு லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். தர்பாரைச் சுற்றிப் பார்த்து, “தூணெல்லாம் யாரு தொடைக்கறது?” என்றாள். யாரும் வழி சொல்லாமலே ஓரத்துச் சின்னக் கதவைக் கண்டுபிடித்துப் பின்கட்டுக்குள் நுழைந்தாள்.

அம்மா மட்டும் குனியவில்லை. தலைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் கொடிகள் போக, நேராக நடந்தாள். அந்த மாளிகையில் இன்று அப்படி நடந்தது அவள் ஒருத்திதான். மூன்றாவது கொடியில் நின்றாள். கையை நீட்டி, ஒன்றுமே இல்லாத இடத்தில், துணியின் கீழ்நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னும் காயல. கெடக்கட்டும், அப்பால எடுத்துக்கலாம்,” என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போனாள்.