கூடையில் கிடந்த கோணல் சிப்பிகள்

அன்பு மகள் எனோராவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவும் நானும் நல்ல சுகம், கடலும் தோட்டமும் அதனதன் இடத்தில் இருக்கின்றன, நீயும் அந்தக் கோடித் தீவின் காற்றில் சளி பிடிக்காமல், மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். துக்துவால் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் வேலை என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. நம் சிப்பிப் பொரிப்பகம் கையைவிட்டுப் போனால் ஆகஸ்ட் கப்பலில் ஏறி வந்துவிடுகிறேன், பறவை எண்ணுகிற வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நீ இரண்டு வரி மின்னஞ்சல் போட்டிருந்தாய், அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு உன் அப்பாவின் மேல்தான் கோபம், முதல் தொட்டி செத்ததுமே உனக்கு யார் தகவல் சொல்லச் சொன்னது. எனக்கு மின்னஞ்சலில் எழுத வராது என்று உனக்குத் தெரியும், அதனால் நடந்ததை எல்லாம் இதில் எழுதி, நீ ஏற நினைத்திருக்கிற அதே கப்பலில் அனுப்புகிறேன்.

நீ கிளம்பும்போது இருந்த நம் வம்சத்துச் சிப்பிகளில் முக்கால்வாசி சென்ற கோடை வெப்பத்தில் போயிற்று. ஒன்பது வருடமாகக் குஞ்சுகளைக் கொல்கிற அந்த நோயில் தப்பிப் பிழைத்ததை மட்டும் பொறுக்கி, அதன் பிள்ளைகளில் தப்பியதைப் பொறுக்கி, இப்படியே வளர்த்த கூட்டம் அது, இந்த வளைகுடாவில் வேறு யாரிடமும் இல்லை. ஜூன் மாதம் பெண்ணின் முட்டையும் ஆணின் விந்துப் பாலும் முற்றியதும் ஓட்டோரம் துளைத்து ஊசியால் ஒரு துளி எடுத்துப் பார்த்தேன், தண்ணீரில் விட்டதும் மணல் மாதிரி பிரிந்தால் பெண், புகை மாதிரி கலங்கினால் ஆண், அப்படிப் பார்த்ததில் பெண் பதினொன்றுதான் தேறியது. முட்டையை வழித்தெடுக்க வேண்டுமானால் சிப்பியைத் திறந்தாக வேண்டும், திறந்தால் அது பிழைக்காது. ஆக பதினொரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

ஆணாக யாரை வைப்பது என்பதில் உன் அப்பா யாரையும் மூக்கை நுழைக்க விடமாட்டார். பிஷப் என்று பெயர் வைத்திருந்தாரே, ஆழமான குழியும் வழவழப்பான ஓடுமாக ஒரு சிப்பி, அதைத் திறந்து பாலை ஒரு ஜாடியில் எடுத்து ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தார், மற்ற ஆண்களின் ஓடு அவருக்குப் பிடிக்கவில்லை, எல்லாப் பெண்ணுக்கும் அந்த ஒரே மாப்பிள்ளை. முதல் நாள் நான்கு பெண்ணின் முட்டைகளைக் கடல்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பேரிக்காய் மாதிரி இருந்தவை உருண்டையானதும் புதுப் பாலில் கொஞ்சம் விட்டோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நூற்றுக்குப் பத்து முட்டைகூடப் பிளந்து இரண்டாகவில்லை. பால் போதவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த நான்கு பெண்ணுக்கு மிச்சத்தில் பெரும்பங்கைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. இந்தத் தடவை ஏராளமாகப் பிளந்தன, உன் அப்பா முகத்தில் சிரிப்பு, ஆனால் எனக்கு அந்தப் பிளவே பிடிக்கவில்லை, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கன்னாபின்னாவென்று இருந்தது. மறுநாள் காலை தொட்டியின் அடியில் எல்லாம் வண்டலாகக் கிடந்தது. அவர் குழாயைத் திறந்து தொட்டியை வடித்தார். பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"விட்டுடு கத்தெல், தெற்கேருந்து குஞ்சு வாங்கிப் போட்டுப்போம், எல்லாரும் அதைத்தானே செய்யறாங்க" என்றார்.

"இன்னும் மூணு இருக்கு. அதுவும் போகட்டும், அப்புறம் பேசுங்க" என்றேன்.

அன்றைக்கே கடல் ஆய்வகத்தில் சிப்பிகளின் புரதங்களைப் பார்க்கிற மதாம் பெரெக்குக்குப் போன் போட்டேன், பொறுமையான பெண், நான் இரண்டு தடவை கேட்டதையும் இரண்டு தடவை சொன்னாள். விந்தணுவின் தலையில் ஒரு புரதம் இருக்கிறதாம், அதுதான் முட்டையின் மேல்தோலைப் பற்றிப் பிடிக்கிற கை. மற்ற பிராணிகளில் ஓர் இனத்துக்குள் அந்தக் கை ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், சிப்பியில் மட்டும் ஆணுக்கு ஆண் மாறுமாம், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில்கூட. ஓர் ஆணின் கை ஒரு பெண்ணின் முட்டையில் சரியாகப் பிடிக்கும், இன்னொருத்தியின் முட்டையில் வழுக்கும், ஓட்டின் அழகுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. வழுக்குகிறதே என்று அளவுக்கு மீறிப் பாலை ஊற்றினால், ஒன்று நுழைந்ததும் முட்டை கதவைச் சாத்துவதற்குள் இரண்டு மூன்று சேர்ந்து நுழைந்துவிடும், அந்தக் கரு தாறுமாறாகப் பிளந்து சாகும். கேட்கக் கேட்க எங்கள் இரண்டு தொட்டியும் கண்முன்னால் வந்தன. பல ஆண்களைத் தனித்தனியாக வைத்துப் பாருங்கள் என்றாள். எங்களிடம் இருந்தது அந்த ஒரு ஜாடிதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன், ஞாயிற்றுக்கிழமை, துக்துவால் மேசையில் ரொட்டியும் வெங்காய வினிகருமாக உட்கார்ந்திருந்தார், உன் அப்பா கையில் கத்தி. நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, அழகானது வித்துக்கும் சந்தைக்கும், நீண்டு முறுக்கிக்கொண்டு வளர்ந்த கோணல் எல்லாம் நம் வயிற்றுக்கு, அதிலும் பால் கட்டின ஜூன் சிப்பி என்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் உயிர். கூடையில் நம் வம்சத்துக் கோணல்கள் ஏழு மிச்சமிருந்தன. அப்படியே கூடையோடு தூக்கிக்கொண்டேன். அண்ணி இப்போ எங்க சாப்பாட்டிலயும் கை வைக்கறாங்க என்றார் துக்துவால், உருளைக்கிழங்கு இருக்கு, அவிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஏழில் இரண்டு வற்றிப் போயிருந்தன, ஐந்து ஆண். மூன்று பெண்களில் ஒருத்தியைத் திறந்து, ஊறின முட்டையை ஆறு குவளையில் பிரித்து, ஐந்து கோணல்களின் பாலை ஒவ்வொன்றில் ஒவ்வொரு துளியாக, ஆறாவதில் பிஷப்பின் மிச்சத்தில் ஒரு துளி விட்டேன். முடிவு வந்ததும் பிஷப் பால் பழசு, அதை வைத்துப் பேசக்கூடாது என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார், முதல் நாள் அது புதுசாகத்தானே இருந்தது என்று கேட்டேன். பிஷப் குவளையில் நூற்றுக்கு ஏழெட்டு முட்டைதான் பிளந்தது, இரண்டாவது குவளையிலும் ஐந்தாவதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு, எல்லாம் ஒழுங்கான பிளவு. அடுத்த பெண்ணைத் திறந்தபோது அதே இரண்டு ஆண்களின் பாலில் பாதிகூடத் தேறவில்லை, முதலில் ஒன்றுக்கும் உதவாத மூன்றாவது ஆண்தான் அவளுக்குப் பிடித்தது. சாயங்காலத்துக்குள் கருக்கள் சுழன்று நீந்த ஆரம்பித்தன, மறுநாள் பகலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நேராக, ஒரு பக்கம் வளைவாக, கண்ணாடி மாதிரி ஓடு வந்துவிட்டது. மூன்றாவது பெண்ணைத் திறக்கவே இல்லை, மறுபடி கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கியிருக்கிறேன்.

அப்போதுதான் உன் அப்பாவை இழுத்து வந்து மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தேன். ஒரு கண்ணை வைத்தார், மறு கண்ணை வைத்தார், எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒம்போது வருஷமா இதுங்களைத்தான் நான் தின்னிருக்கேன்."

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், எல்லாம் எங்கேயோ போய்விட்டது, அவர் தோளில் கை வைத்தேன், எனக்கும் அழுகை வந்தது. இனிமேல் எந்தக் கோணலும் நம் மேசைக்கு வராது என்று அவராகவே சொல்லிவிட்டார், துக்துவாலுக்குத்தான் பெரிய நஷ்டம். இன்னும் இரண்டு வாரம் நீந்திப் பழைய ஓட்டில் ஒட்ட வேண்டும், பிறகு நோயைத் தாண்ட வேண்டும், எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் இந்த முதல் நாள் முழுக்க அவை தாய் முட்டைக்குள் கட்டிக் கொடுத்த புரதத்தையும் கொழுப்பையும் தின்றுதான் உடம்பு கட்டின, வாய் திறந்துவிட்டது, இனி ஊட்டுவது என் வேலை. பாசித் தொட்டிகள் ஐந்தும் பச்சைப்பசேலென்று தயாராக இருக்கின்றன, கூடமாட ஆள் வேண்டாம்.

அதனால் மகளே, எங்களுக்காக என்று எதையும் பாதியில் விட்டுவிட்டு வராதே. அந்த வேலை கிடைக்க நீ நான்கு வருடம் அலைந்ததை நான் பார்த்தவள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் உப்பு வெண்ணெய் பிஸ்கட்டும் வைத்திருக்கிறேன், எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிடாதே, பல் வலி என்றாயே, அங்கே இருக்கிற டாக்டரிடம் இந்த வாரமே காட்டு. செயின்ட் ஆன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், எண்ண ஆரம்பித்ததை முழுக்க எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்த தலையோடு வா. பெட்டி கட்டி வைத்திருந்தால் இப்போதே அவிழ். கடிதத்தை வாங்கிக்கொள், கப்பலை அனுப்பிவிடு.

உன்னை ஒரு நாளும் நினைக்காமல் இராத
அம்மா கத்தெல்